மீட்டாச்சு, அப்புறம்?

ஜூன் 12 வந்தால் போதும், அலுவலகங்களில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். ஐ.எல்.ஓ. 2002-இல் தொடங்கி வைத்தது. நான் ஓய்வு பெறுவதற்குள் ஏழெட்டு முறை அந்த உறுதிமொழியைக் கேட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் டீ வரும், டீ கொண்டுவரும் பையனுக்கு வயசு பன்னிரண்டு என்று ஒரு ஜோக் உண்டு. அந்த ஜோக் இப்போது செல்லாது. டீ பிளாஸ்க்கில் வருகிறது, பெரிய ஆள் கையில் வருகிறது. ஓட்டலிலும் சைக்கிள் கடையிலும் சின்னப் பையன்களைப் பார்ப்பது குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதனாலேயே எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள் என்று சொல்லும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தை, மாசியில் ஒரு நாள் விடியற்காலை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அறுத்த வயல் பக்கம் நடந்து பாருங்கள்.

வாத்து மேயும். ஐந்நூறு, ஆயிரம் என்று மேயும். அதன் பின்னால் கையில் கோலோடு ஒரு பிள்ளை நடக்கும்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வாத்து மேய்ப்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் வாத்து தின்னும், எச்சம் வயலுக்கு உரமாகும், அதனால் வயல்காரர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஒரு ஊரில் மேய்ச்சல் தீர்ந்தால் அடுத்த ஊர். ராத்திரி வலை கட்டி அடைப்பார்கள். நாயும் கீரியும் வராமல் யாராவது பக்கத்திலேயே படுக்க வேண்டும். வாத்து விடிவதற்குள் முட்டையிடும், அதைப் பொறுக்க இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் நடை, ராத்திரியெல்லாம் பனியில் காவல். இதற்குப் பெரிய ஆளை வைத்தால் கூலி கட்டுப்படியாகாது. அதனால் பிள்ளை.

2020-இல், கொரோனா காலத்தில், வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வாத்துப் பண்ணையிலிருந்து ஐந்து இருளர் சிறுமிகளை மீட்டார்கள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பிள்ளைகளை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தார்கள், பிள்ளைகள் கொத்தடிமையாக இருந்தார்கள். வேலை வாங்கியதோடு நிற்கவில்லை, வாயால் சொல்லக் கூசும் கொடுமைகளும் நடந்து போக்சோ வழக்காயிற்று. அந்த வாரம் புதுச்சேரியில் எல்லோரும் கொதித்தார்கள். அடுத்த வாரம் தீபாவளிப் பலகாரம். நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இது நடந்தது ஏதோ பீகாரில் இல்லை, நம் தேர்த் திருவிழாவுக்கு வடம் பிடிக்கப் போகிறோமே, அந்த வில்லியனூர் பக்கத்தில்.

பிறகு 2025 மே மாதம். ஆந்திராவில் யானாதிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று 25,000 ரூபாய் கடனுக்கு வாத்துக்காரரிடம் அடைபட்டிருந்தது. தகப்பன் இறந்துபோனார். கடனைக் காட்டி ஒன்பது வயசுப் பையனை ஈடாக நிறுத்திக்கொண்டார்கள். தாய் பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தபோது பிள்ளை ஓடிவிட்டான் என்றார்கள். கடைசியில் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இரண்டு இடத்திலும் வாத்து, இரண்டு இடத்திலும் பழங்குடி, இரண்டு இடத்திலும் சில ஆயிரம் ரூபாய் கடன். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

போன தை மாதம் பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு பையனைப் பார்த்தேன். பத்து வயசு இருக்கும்.

"எந்த ஊரு தம்பி?"

"செஞ்சிக்கு அந்தாண்ட தாத்தா."

"பள்ளிக்கூடம் போறதில்லையா?"

"லீவு."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

"வாத்து யாருது?"

"மாமாது."

சொந்த மாமாவா என்று கேட்டேன். சிரித்தான், வாத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த இரண்டு பதிலையும் நான் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்? குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் திருத்தினார்கள். பதினான்கு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆக்கியது நல்ல திருத்தம்தான். மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். கூடவே ஒரு சந்தும் வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ பிள்ளை உதவி செய்யலாம். குடும்பம் என்றால் யார்? தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள். அதோடு தகப்பனின் உடன்பிறந்தவர்கள், தாயின் உடன்பிறந்தவர்கள். ஆக, தாய்மாமன் குடும்பத்தில் சேர்ந்தார்.

"லீவு." "மாமா." சட்டத்தில் விலக்கு கொடுத்திருக்கிற இரண்டே வார்த்தை. இரண்டையும் அந்தப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஆத்திசூடி சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்திருக்கிறது.

உரிய இடத்துக்குத் தகவல் சொன்னேன். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அங்கே கேட்ட முதல் கேள்வி பிள்ளைக்கு வயசென்ன என்பது இல்லை. "அந்த வயல் பாண்டியா, தமிழ்நாடா சார்?" அதுதான் கேள்வி. மூன்றாம் நாள் திரும்ப அழைத்தார்கள். அதற்குள் வாத்து தென்பெண்ணைக்கு அந்தக் கரை போய்விட்டது. கடலூர் மாவட்டம். விஷயம் முடிந்தது.

நம் எல்லைக்கோட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வில்லியனூரில் விழுப்புரம் பஸ் ஏறினால் அரியூர் பாண்டி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி பாண்டி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்ட கோடு. அவர்கள் போய் எழுபது வருஷமாகியும் கோடு அங்கேயே இருக்கிறது. பாகூரிலும் வரப்புக்கு இந்தப் பக்கம் நம் கொம்யூன், அந்தப் பக்கம் அவர்கள் பஞ்சாயத்து. ஒரு குவார்ட்டர் பாட்டில் இந்தக் கோட்டைத் தாண்டினால் பிடிக்க மதுவிலக்கு போலீஸ் சோதனைச் சாவடி போட்டு உட்கார்ந்திருக்கிறது, பையைக் குடைந்து பார்க்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளை ஆயிரம் வாத்தோடு தாண்டுகிறான். அவனை "நில்" என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மீட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பேப்பரில் படம் வந்தது. பிள்ளைகள் முகம் மறைத்து, அதிகாரிகள் முகம் தெளிவாக. அப்புறம்?

அப்புறம் பிள்ளையை ஒரு இல்லத்தில் சேர்ப்பார்கள், அல்லது பெற்றோரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். கோப்பு மூடப்படும். கடன் மூடப்படாது. இங்கேதான் என் சண்டை. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கொத்தடிமைக் கடன் செல்லாது, திருப்பிக் கொடுக்கும் பொறுப்பே இல்லை. சட்டப்படி விசாரித்து நடுவர் விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். சான்று கிடைத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு, பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மறுவாழ்வுத் தொகை இரண்டு லட்சம், மிகக் கொடுமையான வழக்குகளில் மூன்று லட்சம். ஆனால் அந்தப் பெருந்தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு எத்தனை வருஷம் நடக்கும் என்று கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற குடும்பம் அதுவரை எதைச் சாப்பிடும்? சான்றே இல்லாமல் வெறுமனே "ஒப்படைப்பு" என்று எழுதி அனுப்பினால் கதை இன்னும் மோசம். கடன் கொடுத்தவன் அடுத்த மாதமே வாசலில் வந்து நிற்பான். "பணம் எங்கே?" என்பான். கடன் செல்லாது என்று அந்தத் தாய்க்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? தாயின் மொழியில், உட்கார்ந்து, இரண்டு முறை? அண்ணனை மீட்டால் தம்பி போகிறான். வாத்து நிற்பதில்லை.

சான்றிதழ் கதையையும் கேளுங்கள். நம் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடி என்று ஒரு இனமும் அறிவிக்கப்படாமலே அரை நூற்றாண்டு போயிற்று. இருளர்களை, வில்லி, வேட்டைக்காரன் உட்பட, பட்டியலில் சேர்த்த ஆணை 2016 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் பழங்குடி என்று ஒரு தாள் கொடுக்கவே வழியில்லை. இப்போது வழி இருக்கிறது, ஆனால் நீ பூர்வீகமா, வந்தேறியா என்று கேள்வி வருகிறது. கோடு இப்படி வளைந்து வளைந்து ஓடுகிற ஊரில், ஏரிக்கு ஏரி இடம் மாறி வாழ்ந்த ஜனத்திடம் பூர்வீகத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் "எத்தா சிவில்" பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று நம்மைப் போன்றவர்கள் பெருமை பேசுவோம். அந்தப் பதிவேட்டில் இவர்களின் தாத்தா பாட்டி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிறப்புச் சான்று, ஆதார். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வயசுக்கு அத்தாட்சி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கிறது. பள்ளிக்கே போகாத பத்து வயசுப் பிள்ளையை வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தலைமையாசிரியர்கள் நிறையப் பேர் நல்லவர்கள், கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். கேட்க ஒரு ஆள் கூடப் போக வேண்டும். அந்த ஆள்தான் இல்லை. சேர்ந்த பிறகு அந்தத் தனிப் பயிற்சிக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். முன்பு மத்திய அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் என்று ஒன்று 1988 முதல் நடந்தது. மீட்ட பிள்ளைகளுக்கென்று தனி மையம், கொஞ்சம் உதவித்தொகை. குறை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2021-இல் அதைக் கல்வித் துறையின் பெரிய திட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க இடமில்லாமல் போயிற்று.

இந்த ஊருக்கு இது பெரிய வெட்கம். ஏன் தெரியுமா? பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. இப்போது காலையில் பால், மதியம் சாப்பாடு. பசிக்குச் சோறு பள்ளியிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு மைல் தள்ளி ஒரு பிள்ளை வரப்பில் பழைய சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறான்.

சட்டம் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் பிரெஞ்சுக்காரன் கதையையே சொல்வேன். பிரான்சில் 1841-இல் முதல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு வயசுக்குக் கீழே ஆலையில் வேலை கூடாது. கண்காணிக்க யாரை வைத்தார்கள்? சம்பளமில்லாத கௌரவ இன்ஸ்பெக்டர்கள், பலரும் பழைய முதலாளிகள், முதலாளிகளின் சிநேகிதர்கள். சட்டம் காகிதத்தில் கிடந்தது. சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர்களை நியமிக்க 1874 வரை ஆயிற்று. முப்பத்துமூன்று வருஷம். நம்முடைய 1986-க்கு நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

இதைப் பேசினால் நம் தெரு நண்பர் ஒருவருக்குக் கோபம் வரும். ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனுஷர். "முசியே, நீங்க ரொம்பப் பேசறீங்க. ஏழை வீட்டுப் பிள்ளை, வீட்டுல இருந்தா பட்டினி. வேலைக்குப் போனா சோறாவது கிடைக்குது" என்பார். அவர் வீட்டிலும் ஒரு பெண் இருந்தாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. "எங்க பொண்ணு மாதிரி" என்பார். பொண்ணு மாதிரி என்றால், அவர் பொண்ணு படித்த பள்ளிக்கூடத்தில் இவளும் படித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்றார். ஊரில் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

நம் தலைமுறைக்கு "ஏழை படும் பாடு" படம் ஞாபகமிருக்கும். 1950-இல் வந்தது, நாகையா நடித்தார். விக்தோர் யுகோவின் நாவலை நம் ஆசிரமத்தில் பல வருஷம் இருந்த சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார், அதிலிருந்து எடுத்த படம். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் கோசெத்தின் கதையை மூலத்திலேயே படிக்கவைத்தார்கள். தாய் பிழைப்புக்குப் போகும்போது சத்திரக்காரனிடம் விட்டுப்போன பிள்ளை. தாய் மாதா மாதம் பணம் அனுப்புகிறாள். அவனோ பிள்ளையை விடியுமுன் எழுப்பிப் பெருக்கவிட்டு, இன்னும் பணம், இன்னும் பணம் என்று கடிதம் போடுகிறான். அந்தப் பாடத்தைப் படித்து அழுதவர்கள் நாங்கள். அழுதவர்களில் பலர் பின்னாளில் பெரிய பதவிக்குப் போனார்கள். புதுச்சேரி பிரெஞ்சு படித்ததற்கு ஒரு பலன் வேண்டாமா என்று சில சமயம் தோன்றும்.

இன்னொரு கூட்டம், பிறந்தநாளுக்கு இல்லங்களில் சாப்பாடு போடுகிறவர்கள். போடுங்கள், புண்ணியம். ஆனால் பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. வறுமையில் இருப்பது தாய் செய்த குற்றமில்லை. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை குடும்பத்தோடே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடமிருக்கிறது. கொஞ்சம் யோசியுங்கள். மாதம் நாலாயிரம். சில ஆயிரம் முன்பணத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் இதில் ஒரு வருஷத் தொகை போய்ச் சேர்ந்திருந்தால் வாத்துக்காரன் எந்த வாசலில் நின்றிருப்பான்? இல்லங்களுக்கு லட்டு வாங்கும் அன்பர்கள், தங்கள் பக்கத்து ஏரிக்கரைக் குடும்பத்துக்கு இந்த விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். லட்டைவிடச் செலவு குறைவு. பேனா போதும்.

இப்படியும் செய்யலாம் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1962-இல் பெல்ஜியத்துப் பெண்மணி மதலேன் தெ பிளிக் இங்கே தொடங்கிய வொலொந்தாரியா, பிள்ளைகளுக்குப் படிப்பு என்பதோடு நிற்காமல் பெரியவர்களுக்குத் தொழிற்கூடம் வைத்தது. தாய்க்கு வேலை இருந்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும் என்பது கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று வைத்து, ஒரு வழக்கைப் பிடித்தால் வருஷக் கணக்கில் விடாமல் பின்னால் போகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற வேலை அது இல்லை. காலில் செருப்புத் தேய நடக்கிற வேலை.

1936 ஜூலை 30-இல் நம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்த ரத்தத்தில் கிடைத்தது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், நானும் போவேன். வாத்துக்குப் பின்னால் நடக்கிற பிள்ளைக்கு மணி என்ன, விடுமுறை என்ன? அவனுக்குச் சங்கமும் இல்லை, ஓட்டும் இல்லை.

மனு ஒன்று எழுதியிருக்கிறேன். நான்கு வரிதான். ஒன்று, அறுவடைக் காலத்தில் கொம்யூனுக்குள் வாத்து மந்தை கொண்டுவருகிறவர் பெயர், ஊர், கூட இருப்பவர்கள் வயசு எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகே மேய்க்க வேண்டும். இரண்டு, வயல் எந்தப் பக்கம் என்று கேட்காமல், பிள்ளையை முதலில் பார்த்தவர்களே பொறுப்பேற்று, பிறகு விழுப்புரம், கடலூர்க்காரர்களிடம் பேசிக்கொள்ள வேண்டும். மூன்று, மீட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் விடுதலைச் சான்று கொடுத்தார்களா இல்லையா என்று காரணத்தோடு எழுத்தில் வேண்டும். நான்கு, அந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று மூன்று வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் கோப்பில் எழுத வேண்டும். அதுவரை கோப்பை மூடக் கூடாது.

சம்பா அறுப்புக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். வில்லியனூர், பாகூர் நண்பர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், மூட்டு வலி உள்ளவர்கள் சொல்லியனுப்பினால் நானே வருகிறேன். அதற்கிடையில் மந்தையோடு பிள்ளையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். பேசும்போது எந்த ஏரி, எந்த மதகுப் பக்கம், வயல்காரர் யார், எத்தனை பிள்ளைகள், ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை "லீவு" என்று சொன்னால், அன்றைக்கு என்ன கிழமை என்று அதையும் சேர்த்து எழுதுங்கள்.